சாய்வு மிதிவண்டியும் அம்பத்தூர் சைக்கிளும்

சாய்வு மிதிவண்டி என்பது, ஓட்டுபவர் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் வகையில் அமைந்த மிதிவண்டியாகும். ஆங்கிலேயர் இதை ரிகம்பென்ட் என்பர். வழக்கமான சைக்கிளில் ஓட்டுபவரின் எடை சிறிய இருக்கை மீதும், கைப்பிடி மீதும், பெடல் மீதும் பகிர்ந்து நிற்கிறது. சாய்வு வண்டியில் அந்த எடை முழுவதும் நாற்காலி போன்ற அகன்ற இருக்கையில் தங்குகிறது. பெடல்கள் உடலுக்குக் கீழே இல்லாமல் உடலுக்கு முன்னே இருக்கின்றன.

மனித ஆற்றலால் மட்டும் ஓடும் வண்டிகளில் மிக விரைவானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனாலும் உலகில் ஓடும் சைக்கிள்களில் இவை மிகச் சிறிய பங்கே. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் ஆலைத் தொழிலாளர்களும் பள்ளி மாணவர்களும் நாள்தோறும் சைக்கிள் மிதிக்கிறார்கள். தென்னிந்தியாவின் பெரிய சைக்கிள் தொழிற்சாலை இதே வட்டாரத்தில், அம்பத்தூரில் எழுந்தது. இருந்தும் இங்கே சாய்வு வண்டியைப் பார்ப்பது அரிது. பந்தய அமைப்பு ஒன்று 1934-இல் விதித்த தடையே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் சாலைகளிலும் நாம் ஏற்றும் சுமையிலும் இருக்கிறது.

தோற்றம்

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் திரைஸ் 1817-இல் காலால் நிலத்தை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860-களில் பிரான்சில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்தப்பட்டது. பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதான் சுற்றும் என்பதால், வேகம் வேண்டி முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஆள் உயரத்துக்கு உயர்ந்த அந்த வண்டிகளிலிருந்து தலைகுப்புற விழுவது வழக்கமாயிற்று. இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் ரோவர் என்ற வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ சம அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட அந்த வண்டியே இன்றைய சைக்கிளின் மூலவடிவம். மூன்று ஆண்டுகள் கழித்து ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்.

சங்கிலி வந்ததும் பெடலை எங்கே வைப்பது என்பதில் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. பெடல் சக்கரத்தின் மீதே இருக்க வேண்டியதில்லை. ஓட்டுபவருக்குக் கீழேயும் இருக்கலாம், முன்னேயும் இருக்கலாம். 1890-களில் ஜெனீவாவில் ஷலாண்ட் என்பவர் முதுகைத் தாங்கும் இருக்கையுள்ள சைக்கிளைச் செய்தார். 1914-இல் பிரான்சின் பியூஜோ நிறுவனமும் ஒரு சாய்வு வண்டியைச் செய்தது. முதல் உலகப் போர் அந்த முயற்சியை நிறுத்தியது.

பாரிசில் ஒரு மணி நேரம்

சாய்வு வண்டியின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் சார்லஸ் மோஷே. பிரான்சைச் சேர்ந்த இவர் தன் மகன் ஜார்ஜுக்காக நான்கு சக்கரமுள்ள ஒரு பெடல் வண்டி செய்து கொடுத்தார். அதை விரிவாக்கி, இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வெலோகார் என்ற வண்டியை விற்கத் தொடங்கினார். கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதை வாங்கின. அந்த நான்கு சக்கர வண்டியைப் பாதியாக்கியது போன்ற இருசக்கர வெலோகாரையும் பின்னர் உருவாக்கினார்.

அக்காலத்தில் சைக்கிள் பந்தயத்தின் பெருமைக்குரிய அளவுகோல், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பதே. சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914-இல் 44.247 கிலோமீட்டர் ஓட்டி நாட்டிய சாதனையை ஏறத்தாழ 20 ஆண்டுகளாக யாரும் முறியடிக்கவில்லை. 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் ஓடுதளத்தில் பிரான்சிஸ் ஃபோர், மோஷேயின் வண்டியில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஃபோர் முதல் வரிசை வீரர் அல்லர். ஆகவே இந்த வெற்றியில் ஆளின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி உடனே எழுந்தது. அடுத்த மாதமே மோரிஸ் ரிஷார் வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டி எக்கின் சாதனையைத் தாண்டினார். எவருடைய சாதனையை ஏற்பது?

1934 விதி

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1934-இன் தொடக்கத்தில் இதைப் பற்றி முடிவெடுத்தது. பந்தய சைக்கிள் என்றால் என்ன என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் வரையறுத்தது. பெடல் அச்சு நிலத்திலிருந்து 24 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். இருக்கையின் முன்முனை பெடல் அச்சுக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் இருக்கக் கூடாது. பெடல் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடைவெளி 58 முதல் 75 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டும். சாய்வு வண்டி இந்த அளவுகளுக்குள் அடங்காது. 1934 ஏப்ரல் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. ரிஷாரின் சாதனை ஏற்கப்பட்டது. ஃபோரின் சாதனை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதே ஆண்டில் மோஷே இறந்தார். 1939-இல் ஃபோர், காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய வெலோகாரில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைக் கடந்தார்.

இந்த விதி எவரையும் சாய்வு வண்டி செய்யக் கூடாது என்று தடுக்கவில்லை. தெருவில் ஓட்டக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் கம்பெனிகளுக்கு விளம்பரம் பந்தயத்திலிருந்துதான் கிடைத்தது. பந்தயத்தில் ஓடாத வண்டிக்கு முதலீடு செய்ய ஆளில்லை. இப்படி ஒரு வடிவத்தின் ஆய்வு ஏறத்தாழ 40 ஆண்டுகள் தேங்கிப்போனது.

அந்தத் தேக்கத்தை உடைத்தவர்கள் பெரும்பாலும் பொறியியல் ஆசிரியர்கள். 1970-களில் கலிபோர்னியாவில் பேராசிரியர் செஸ்டர் கைல் எந்த வடிவ வரம்பும் இல்லாத வேகப் போட்டிகளைத் தொடங்கினார். 1976-இல் மனித ஆற்றல் வண்டிகளுக்கென்றே தனிப் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் கார்டன் வில்சன், அன்றாடம் ஓட்டக்கூடிய சாய்வு வண்டிகளை வடிவமைத்தார். 1986-இல் பிரெட் மார்க்கம் கூடு பொருத்திய வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 2016-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கனடாவின் டாட் ரைக்கர்ட் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தில் சென்றார். வழக்கமான பந்தய சைக்கிளில் ஒரு மணி நேரத் தூரம் 2022-இல் இத்தாலியின் பிலிப்போ கன்னா ஓட்டிய 56.792 கிலோமீட்டர், கூடு பொருத்திய சாய்வு வண்டியில் அது 90 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

அம்பத்தூரில் பிறந்த சைக்கிள்

விடுதலைக்கு முன் தமிழகத்தில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் ஆகிய பெயர்கள் அக்காலத்தில் வீட்டின் மதிப்பைச் சொல்பவை. விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தி முதன்மை பெற்றது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1951-இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளிவந்தன. பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் வண்டிகள் தயாராயின. சட்டகத்துக்கான எஃகுக் குழாய்களைச் செய்ய 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலையும், சங்கிலி செய்ய 1960-இல் டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனமும் ஏற்பட்டன. வடநாட்டில் சோனிபட்டில் அட்லஸும், லூதியானாவில் ஹீரோவும் இதே காலத்தில் வளர்ந்தன.

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் செங்கல்பட்டிலிருந்து பிரிக்கப்பட்டபோது அம்பத்தூர் இம்மாவட்டத்தில் சேர்ந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆவடி இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாய்வு வண்டி பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது 1934-இல். அம்பத்தூரில் உற்பத்தி தொடங்கியது 1951-இல். மீண்டும் சாய்வு வண்டி பற்றிய ஆய்வு எழுந்தது 1970-களில். ஆகவே இந்திய ஆலைகள் வெளிநாட்டு வடிவத்தை வாங்கியபோது, சோதித்துத் தேர்ந்த மாற்று வடிவம் எதுவும் கடையில் இல்லை. இருந்தது ஆங்கிலேய ரோட்ஸ்டர் மட்டுமே: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின் கவர், பின்னால் கேரியர், இரட்டைக் கால் ஸ்டாண்டு. அந்த அளவில் 1934 விதி நம் ஊர் வரைக்கும் எட்டியது என்றே சொல்லலாம். ஆனால் ரோட்ஸ்டர் இங்கே நிலைத்து நின்றதற்கு அதுவே முழுக் காரணமன்று.

காற்றின் கணக்கு

சைக்கிள் ஓட்டுபவர் எதிர்கொள்ளும் தடைகள் முதன்மையாக மூன்று: காற்று, டயர் நசுங்குவதால் வரும் தடை, மேடு. காற்றுத் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்து உயரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். நிமிர்ந்து அமர்பவரின் மார்பு ஒரு பாய்மரம் போலக் காற்றைத் தாங்குகிறது. சாய்ந்து அமர்பவரின் கால்கள் முன்னே போவதால் காற்றில் படும் பரப்பு குறைகிறது. சாய்வு வண்டியின் வேகத்துக்கு இதுவே அடிப்படை.

ஆனால் இந்த நன்மை வேகத்தோடு சேர்ந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை, டயர் தடையைவிடப் பல மடங்கு பெரிது. மணிக்கு 15 கிலோமீட்டரில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்னால் ஒரு மூட்டையும், காற்றுக் குறைந்த டயரும் இருந்தால் டயர் தடையே மேலோங்கும். ஆலைக்கோ பள்ளிக்கோ நிதானமாக மிதித்துச் செல்பவருக்குக் காற்றில் கிடைக்கும் மிச்சம் சிறிது.

நன்மைகள்

1. உடல் வலி குறைவு. எடை அகன்ற இருக்கையில் பரவுவதால் இடுப்பின் அடிப்பகுதி மரத்துப் போவதில்லை. மணிக்கட்டிலும் கழுத்திலும் பாரம் விழுவதில்லை. முதுகுவலி உள்ளவர்களும் முதியவர்களும் நீண்ட தூரம் ஓட்ட முடிகிறது.

2. எதிர்காற்றில் எளிமை. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பிற்பகலில் சைக்கிள் மிதிப்பவர் கடற்காற்றின் வலிமையை அறிவார். அங்கே சாய்வு வண்டி உண்மையாகவே உழைப்பைக் குறைக்கும்.

3. விழும் உயரம் குறைவு. திடீரென பிரேக் பிடித்தால் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழும் ஆபத்து மிகக் குறைவு.

4. மூன்று சக்கர வகையில் சமநிலை தேவையில்லை. நின்றால் கால் ஊன்ற வேண்டாம். சமநிலை இழந்தவர்களும் ஓட்டலாம்.

குறைகள்

1. மேட்டில் சிரமம். வழக்கமான சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் பெடலில் இறக்கலாம். சாய்வு வண்டியில் அது முடியாது. பல்லை மாற்றி மெதுவாகத்தான் ஏற வேண்டும். கடலோரச் சமவெளியான கும்மிடிப்பூண்டிக்கு இது பெரிய குறையன்று. சாலை மேம்பாலங்களில் மட்டும் தெரியும்.

2. மெதுவாகச் செல்லும்போது தடுமாற்றம். இருசக்கர வகையைக் கிளப்பவும், நெரிசலில் ஊர்ந்து செல்லவும் தனிப் பழக்கம் வேண்டும்.

3. சிக்கலான அமைப்பு. சங்கிலி வழக்கமானதைப் போல இரண்டு, மூன்று மடங்கு நீளம். அதை வழிநடத்தச் சிறு உருளைகள் வேண்டும். பல வகைகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு அளவு. தெருமுனைப் பஞ்சர் கடையில் இதற்கான உதிரிகள் கிடைக்கா.

4. விலை. குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படுவதால் விலை உயர்வு. விலை உயர்வால் வாங்குவோர் குறைவு.

5. வெயிலும் வெப்பமும். முகம் வானத்தை நோக்கி இருப்பதால் நேர்வெயில் கண்ணில் படும். முதுகு முழுவதும் இருக்கையில் ஒட்டியிருப்பதால் வியர்வை காயாது.

6. பார்வை மட்டம். ஓட்டுபவரின் தலை தாழ்வாக இருப்பதால் பிற ஓட்டுநர்களுக்கு எளிதில் தெரியாது. அவருக்கும் முன்னால் நிற்கும் வாகனத்தைத் தாண்டி எதுவும் தெரியாது.

சுமையும் தள்ளுதலும்

இந்தப் பட்டியல்களில் அடங்காத ஒன்று, தமிழகத்தில் சைக்கிள் என்பது ஏறி ஓட்டுவதற்கு மட்டும் உரிய பொருளாக இருந்ததில்லை என்பது. பால் கேன், மீன் கூடை, நெல் மூட்டை, தண்ணீர்க் குடம், டீ டிரம் எல்லாம் அதில் ஏறின. முன் பாரில் குழந்தை, கேரியரில் மனைவி என ஒரு குடும்பமே சென்றது. சுமை மிகுந்தால் ஓட்டுபவர் இறங்கி, ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை சீட்டிலுமாகத் தள்ளிக்கொண்டே நடந்தார். நிமிர்ந்த வண்டியின் கைப்பிடி, நடப்பவரின் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. முழங்கால் உயர வண்டியை அப்படிக் குனிந்து தள்ள முடியாது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது அவர்கள் ஆண்கள் வண்டியை ஓட்டினார்கள். குழந்தையை உட்கார வைக்க முன் பார் உதவும் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பொறியாளர் உறுதிக்காக வைத்த குழாய் தாய்க்கு இருக்கையானது. சீட்டுக்குக் கால் எட்டாத சிறுவர்கள் அதே குழாய்க்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றார்கள். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்த பெரிய வண்டியே வீட்டில் எல்லா வயதினருக்கும் போதுமானதாக இருந்தது. சாய்வு வண்டியோ ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப அளவெடுத்து அமைக்க வேண்டியது. ஒரே வண்டியை அப்பாவும் மகளும் மாறி மாறி ஓட்டுவது அதில் கடினம்.

தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதில் தரப்படுவதும் நிமிர்ந்த வண்டியே. எந்தக் கடையிலும் பழுது பார்க்கலாம், தம்பி தங்கைக்குக் கைமாற்றலாம் என்பதே அதன் பலம்.

கும்மிடிப்பூண்டிச் சாலையில்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டி அமைந்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கான கன்டெய்னர் லாரிகளும், ஆந்திர எல்லை நோக்கிச் செல்லும் சரக்கு லாரிகளும் இவ்வட்டாரச் சாலைகளை நிரப்புகின்றன. கவரைப்பேட்டை, புதுவாயல், தச்சூர் போன்ற ஊர்களிலிருந்து ஷிப்டுக்கு வருபவருக்குச் சாலையின் இடது ஓரமே வழி. அந்த ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும், லாரி நின்றிருக்கும், சில இடங்களில் எதிர்த்திசையில் வண்டிகளும் வரும்.

உயரமான லாரியின் முன்பக்கத்திலும் இடதுபக்கத்திலும் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து செல்பவரின் தலையாவது கண்ணாடியில் தெரிய வாய்ப்புண்டு. தாழ்ந்து செல்பவர் அந்த மறைவுக்குள் முழுமையாக மூழ்கிவிடுவார். ஐரோப்பியர் சாய்வு வண்டியின் பின்னால் நீண்ட கம்பியில் கொடி கட்டுவது இதற்காகவே. நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இவ்வண்டிகள் ஓரளவு பழக்கத்தில் இருப்பதற்கு அங்குள்ள தனி மிதிவண்டிப் பாதைகள் ஒரு முக்கியக் காரணம். மூன்று சக்கர வகைக்கு இன்னொரு தொல்லை: இருசக்கர வண்டி ஒரே தடத்தில் பள்ளத்தை விலக்கிச் செல்லும், மூன்று சக்கரம் மூன்று தடத்தில் ஓடுவதால் ஏதாவது ஒன்று பள்ளத்தில் இறங்கும்.

நம்மிடையே உள்ள சாய்ந்த வண்டி

சாய்வு வண்டி தமிழருக்கு முற்றிலும் அயலானது என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் அதன் கொள்கைகள் பல இருக்கின்றன: முதுகைத் தாங்கும் நாற்காலி, சமநிலை தேவைப்படாத மூன்று சக்கரம், உடலுக்கு முன்னே சுழலும் பெடல். கால் செய்யும் வேலையைக் கை செய்கிறது என்பதே வேறுபாடு. 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்ட, செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ இத்தகைய வண்டிகளைச் செய்துவருகிறது. மாநில அரசும் இவற்றை வழங்குகிறது.

இந்த வண்டியின் வடிவத்தைப் பந்தய விதி தீர்மானிக்கவில்லை. ஓட்டுபவரின் உடல் தீர்மானித்தது. அரசு மொத்தமாக வாங்கியதால் விலைச் சிக்கலும் தீர்ந்தது. தேவை தெளிவாக இருந்து, வாங்க ஒருவர் இருந்தால், புதிய வடிவம் இங்கும் வேரூன்றும் என்பதற்கு இது சான்று. அதேசமயம் சாலையில் தாழ்ந்து செல்வதன் ஆபத்தை முதலில் அனுபவித்தவர்களும் இவ்வண்டிக்காரர்களே.

மதிப்பீடு

நல்ல வடிவம் எது என்ற கேள்விக்கு, யாருக்கு, எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் 1933-இலேயே சாய்வு வண்டி வென்றுவிட்டது. சுமை, தள்ளுதல், பழுதுபார்ப்பு, விலை, பகிர்ந்து ஓட்டுதல் ஆகியவை அளவுகோல் என்றால் அம்பத்தூர் ரோட்ஸ்டருக்கு ஈடில்லை.

ஆனால் அந்த அளவுகோல்களில் சில இன்று மாறியிருக்கின்றன. மூட்டைகளை மோப்பெட்டும் சிறு சரக்கு வண்டியும் எடுத்துக்கொண்டன. இன்று சைக்கிளில் ஆலைக்கு வருபவர் பெரும்பாலும் சாப்பாட்டுப் பையோடு மட்டுமே வருகிறார். அவருக்கு முழங்கால் வலியும் முதுகுவலியும் உண்டு, நிலமும் சமதளம். சாய்வு வண்டிக்கு எதிரான காரணங்களில் இப்போது மிஞ்சி நிற்பவை விலையும் சாலையும். எண்ணிக்கை பெருகினால் விலை இறங்கும். லாரிகளிலிருந்து பிரிக்கப்பட்ட பாதையை வடிவமைப்பாளரால் தர முடியாது. அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. அப்படி ஒரு பாதை கும்மிடிப்பூண்டிக்கு வந்தால் அதன் முதல் பயன் சாய்வு வண்டிக்கு அன்று, இன்று அந்த மணல் ஓரத்தில் சாதாரண சைக்கிளில் செல்லும் தொழிலாளிக்கும் மாணவிக்கும்தான்.